பேர் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சாமி!

மக்களே, பூவோட கலரைப் பாத்தே ரோஜாவுக்குப் பேர் வைக்கிற ஆளுங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

போன வாரம் பாட்டி வச்ச ரோஜாவுல ஒரு கொத்தை ஒடிச்சு நர்சரியில காட்டினேன். "பன்னீர் ரோஜா சார், டமாஸ்க்." ரெண்டு செகண்ட்ல தீர்ப்பு! முள், இலை, வாசனை, வருஷத்துக்கு எத்தனை தடவை பூக்கும்... ஒண்ணும் கேக்கலை.

சரி, டமாஸ்க்கையே எடுத்துக்குவோம். கோடையில மட்டும் பூக்குற டமாஸ்க், ரோசா காலிகாவுக்கும் ரோசா ஃபீனீஷியாவுக்கும் பொறந்ததுன்னு சொன்னவர் சி.சி. ஹர்ஸ்ட். சாதாரண ஆள் இல்லை, மரபியல் அறிஞர். புத்தகங்களும் அதையே திருப்பித் திருப்பி எழுதின. 2000-ல ஜப்பான் ஆய்வாளர்கள் டிஎன்ஏவைப் பாத்தா, ஃபீனீஷியா ஆளையே காணோம்! காலிகா, மாஸ்கட்டா, கூடவே மத்திய ஆசியாவுல இருந்து ஃபெட்சென்கோவானா. மொத்தம் மூணு பேர்.

அவருக்கே சறுக்குச்சுன்னா நம்ம ரெண்டு செகண்ட் எம்மாத்திரம்?

"வெறும் பேர்தானே, விடுப்பா"ம்பீங்க. நான் பொட்டி தட்டுறவன். புரோகிராமுக்குள்ள தப்பான குறிப்பு இருக்கறதுக்கு, குறிப்பே இல்லாம இருக்கறது மேல். தப்புப் பேரை நம்பி ஒருத்தர் அதை வச்சு ஒட்டுரகம் உண்டாக்கினா, அதோட வாரிசு அத்தனைக்கும் வம்சாவளி பொய்.

பாட்டி செடியில இப்ப ஒரு அட்டை தொங்குது: "பேர் தெரியாது. பாட்டி வச்சது." அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மறுக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம் :-)