தாய்ப் பலகையும் பால்கோவா அடுப்பும்

செண்பகத்தோப்புக்குப் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். ஓடையில் கால் நனைப்பார்கள். அதிர்ஷ்டமிருந்தால் சாம்பல் நிற மலை அணிலையும் காண்பார்கள். எனக்கோ அங்கே ஒரு கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நிற்கும்படி ஆயிற்று, வாசகிகளே!

நான் தங்கிய வீட்டு அக்கா, ராஜபாளையத்து வியாபாரிகள் சிலருக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறவர். குடும்ப வருமானத்தில் பாதி அதுதான். சில வாரங்களாக, கணக்கு நடுவில் நீலத்திரை வந்து யந்திரம் நின்றுவிடுகிறதாம். "ஒருத்தர் வேற ஆள் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு, தம்பி" என்றார். குரல் கம்மியிருந்தது.

விசாரித்தேன். லீவுக்கு வந்த அண்ணன் மகன், "அத்தை, இதைப் பறக்க விடுகிறேன், பாருங்கள்!" என்று 'பயாஸி'ல் எதையோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

அதென்ன பயாஸ்? கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் தாங்குகிற பலகைக்கு 'மதர்போர்டு' என்று பெயர். அதிலுள்ள ஒரு சிறு சில்லில் குடியிருக்கும் புரோகிராம்தான் பயாஸ். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசல் தெளிக்கிறவளைப் போல, பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது அது. புராசஸருக்கு எவ்வளவு மின்சாரம், மெமரிக்கு என்ன வேகம், விசிறி எப்போது வேகமாகச் சுற்ற வேண்டும் என்றெல்லாம் அது உத்தரவு போடும். யந்திரம் விழிக்கும்போது 'டெல்' அல்லது 'எஃப் 2' விசையைத் தட்டினால் பெரும்பாலும் உள்ளே நுழையலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்களுக்கு இது சுலபமாகப் புரியும். பால்கோவா அடுப்பில் தீ மிஞ்சினால் அடிபிடிக்கும். குறைந்தால் பால் சுண்டாது. பயாஸும் தீயை அளந்து வைக்கிற சமாசாரம்தான்.

அந்தப் பையனை மட்டும் குறை சொல்வானேன்? பெரிய கம்பெனிகளே இப்படிச் செய்ததுண்டு. இன்டெலின் 'கோர் ஐ9 13900கே' புராசஸருக்கு உச்ச வரம்பு 253 வாட். போட்டியில் முந்த நினைத்த மதர்போர்டு தயாரிப்பாளர் சிலர், வரம்பே இல்லையென்று பொருள்படும்படி பயாஸில் 4,096 வாட் என்று எழுதி விற்றார்கள். 13, 14-ஆம் தலைமுறைப் புராசஸர்கள் பல தடுமாற ஆரம்பித்தன. 2024 ஜூலையில் இன்டெலே தன் பங்குக் குற்றத்தைச் சொன்னது: புராசஸரின் உள்கட்டளை, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டிருக்கிறது! ஆகஸ்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. வாரண்டியும் 2 வருஷம் நீண்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சில்லுக்கு அந்தத் திருத்தம் பயன்படவில்லை. அடிபிடித்த பாலை எந்தக் கரண்டியால் மீட்பது?

அக்கா வீட்டில் நல்லவேளையாக அவ்வளவு தூரம் போகவில்லை. பயாஸ் பக்கங்களை முதலில் போனில் படம் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் 'டிஃபால்ட்' நிலைக்குக் கொண்டு வந்தேன். நீலத்திரை நின்றது. ஆனால் மெமரி மந்தமாக ஓடியது. 'எக்ஸ்.எம்.பி.' என்ற ஒன்றை இயக்கினால், மெமரி அட்டையில் அச்சிட்டிருக்கும் 3200 வேகம் வரும். இயக்கினேன், சோதனையில் பிழைகள் வந்தன. அங்கே இருந்தவை வெவ்வேறு கம்பெனியின் இரண்டு அட்டைகள். ஜோடி சேராத மாடுகளை ஒரே ஏரில் பூட்டினால் அப்படித்தான். 2933-க்கு இறக்கினேன். இரவு முழுக்கச் சோதித்தும் ஒரு பிழை இல்லை. அந்த மாதக் கணக்கு தேதி தப்பாமல் போய்ச் சேர்ந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது கை வைக்கப் புறப்பட்டால் இவற்றைச் சொல்லுங்கள்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். வோல்டேஜைத் தொடக் கூடாது. பயாஸைப் புதுப்பிப்பதானால், உங்கள் மதர்போர்டின் அதே மாடலுக்கு உரியதுதானா என்று பார்த்து, யு.பி.எஸ். இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பலகையே எழுந்திருக்காமல் போகலாம். தினமும் கடிகாரம் பழைய தேதிக்குப் போகிறதா? பயப்படாதீர்கள். அநேகமாக உள்ளேயிருக்கும் காசு அளவுப் பாட்டரி தீர்ந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்குக்கு ஒரு நகல் வேறிடத்தில் இருக்கட்டும். எவ்வளவு நல்ல பயாஸும் அதற்கு ஈடாகாது.