குழு போட்டுப் பெயர் வைக்கிறார்கள்

சக சிற்றிதழ் ஒன்றில் ஒரு கட்டுரை. உயிரினங்களுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் வழங்குவதால்தான் தமிழ் அறிவியல் மொழியாகத் தேறவில்லையாம். குழு ஒன்று அமர்ந்து இனத்துக்கு ஒரு பெயர் என்று முடிவுசெய்து, மிச்சத்தைக் கொச்சை என்று தள்ளிவிட வேண்டுமாம். தனித்தமிழ்க்காரர் சொல்லியிருந்தால் பழைய பாட்டு என்று விட்டிருக்கலாம். சொல்பவரோ நேற்றுவரை நமக்கு அமைப்பியல் வகுப்பெடுத்தவர்.

குழு வஞ்சிரத்திலிருந்து தொடங்கட்டும். சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா, குமரிக் கரையில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. இதில் எதைக் கொச்சை என்பார்கள்? காசிமேட்டில் ஏலம் கூறும் பெயர் தூத்துக்குடியைவிட ஆந்திரக் கரையின் 'வஞ்சரத்து'க்குத்தான் நெருக்கம். குமரியின் நெய்மீன் திருவனந்தபுரத்திலும் நெய்மீன்தான். மத்திக்கும் இதே கதை: குமரியில் சாளை, தென்கேரளத்தில் சாள, மலபாருக்குப் போனால் மறுபடியும் மத்தி. 1956இல் போட்ட மாநில எல்லையை மீன்பெயர்கள் மதிப்பதே இல்லை. வள்ளமும் வியாபாரியும் போய்வந்த வழியில் அவை போயிருக்கின்றன. ஒற்றைப் பெயர் வைத்தால் முதலில் அழிவது அந்தத் தடம்.

லத்தீன் பெயர் நிலையானது, நாட்டுப்பெயர் ஆளுக்கு ஆள் மாறுவது என்பது கட்டுரையின் அடுத்த வாதம். கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். 1753இல் லின்னேயஸ் அதை மிமோசாவில் வைத்தார். பிறகு அது அகேசியா ஆனது. 2005இல் வியன்னா தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட, நம் மரம் வச்செலியா ஆயிற்று. சீமைக்கருவேலமும் அண்மையில் புரோசோபிஸை விட்டு நெல்டுமாவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ஆடு மேய்ப்பவருக்கு இத்தனை காலமும் கருவேலம் கருவேலம்தான், சீமை சீமைதான். லத்தீனைக் குறை சொல்லவில்லை. உறவுமுறை தெளியத் தெளிய அது மாறத்தான் வேண்டும். மாறாதது என்று சொல்லி எங்களை மிரட்ட வேண்டாம் என்கிறோம்.

ஜெர்டன் ஞாபகம் வருகிறது. பழைய பைத்தியம், வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிப் படையின் மருத்துவர். 1862–64இல் வெளியான அவருடைய இந்தியப் பறவைகள் நூலில் லத்தீனுக்கு அருகிலேயே இந்துஸ்தானி, வங்காளி, தெலுங்கு, தமிழ்ப் பெயர்களும் இருக்கும். எதையும் அவர் கொச்சை என்று ஒதுக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய பறவை ஒன்று 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டது என்றே நம்பப்பட்டது. கடப்பைப் பக்கத்து வேட்டைக்காரர்களுக்கு மட்டும் அது கலிவிக்கோடி. கலிவி என்றால் களா, கோடி, கோழி. எந்தப் புதரில் தேடவேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. 1986 ஜனவரியில் அதைப் பிடித்தவர் ஐத்தன்னா என்ற உள்ளூர்க்காரர். பறவை இன்றும் ஆங்கிலத்தில் ஜெர்டனுடையதாகவே இருக்கிறது.

குழுவில் இருக்கத் தகுந்தவர்கள் யார் என்றும் கட்டுரை சொல்கிறது: பேராசிரியர்கள், அகராதியாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். வலை இழுப்பவர் ஒருவரும் இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் கலைச்சொல் உண்டாக்கும் லட்சணமும் இதுதான்: தெரிந்தவரிடம் கேட்பதில்லை, கேட்டாலும் அடிக்குறிப்பில்கூடப் பெயர் போடுவதில்லை.

அடுத்த இதழ் முதல் கரைவாரியாக மீன்பெயர்களை வெளியிடுகிறோம். உங்கள் ஊர்ப் பெயரை, சொன்னவர் பெயரோடு எழுதி அனுப்புங்கள். சந்தா பாக்கி உள்ளவர்களும் அனுப்பலாம்.