பதினான்கு பேருக்கு ஒரு கூடம்

வேலூர் லாங் பஜாரில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மொத்த வியாபாரக் கடைகளின் கணக்குப் புத்தகங்கள் மூடப்படும். அப்படி ஒரு பருப்புக் கடையின் மாடியில், சென்ற கோடை விடுமுறைக்கு முன்பு, ஒரு குடும்பம் வட்டமாக அமர்ந்திருந்தது. நடுவே ஒரு தாள். அதில் ஐந்து கட்டங்கள். ஏலகிரி மலையில் ஒரு விடுதியில் எடுக்கவிருந்த ஐந்து அறைகளைக் குறிப்பவை அவை.

குடும்பத்தில் பதினான்கு பேர். எண்பத்தொரு வயதான ஆயா. அறுபத்திரண்டு வயதான மூத்த மகன், அவர் மனைவி. அவர்களுடைய மகன், மருமகள், இரண்டு சிறு பிள்ளைகள். இளைய மகன், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் இரு பெண்கள். பெங்களூரிலிருந்து வரும் மகள், மாப்பிள்ளை, அவர்கள் பையன். எல்லோரும் ஒன்றாக வெளியூர் சென்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

விடுதியின் விதி எளியது. ஓர் அறைக்குப் பெரியவர் இருவர். வேண்டுமானால் ஒரு கூடுதல் மெத்தை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. தம்பதியர் நால்வருக்கும் பிள்ளைகளோடு நான்கு அறைகள், கல்லூரிப் பெண்கள் இருவருக்கும் ஓர் அறை என்று கட்டங்கள் நிரம்பின. எஞ்சியது ஆயா. பேத்திகளோடு இருக்கலாம் என்றால், அவர்களுடைய அறை மலைச்சரிவின் மேல் வரிசையில் இருந்தது. ஏறுவதற்கு நாற்பது படிகள். கீழ்த்தளத்தில் மூத்த மகனின் அறையில் தங்கலாம் என்றால், கூடுதல் மெத்தை என்பது தரையில் விரிக்கும் மெல்லிய மெத்தை. தரையில் படுத்தால் ஆயாவால் எழுந்திருக்க முடியாது. அவருக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தாம் கீழே படுக்கலாம் என்றார் மூத்தவர்; ஆனால் அவருக்கும் முதுகுவலி. தாளில் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் ‘ஆயா’ என்று எழுதி, எழுதிய கையே அடித்திருந்தது.

“நீங்க எல்லாரும் போய் வாங்க. கடையையும் வீட்டையும் யார் பார்க்கிறது? நான் இருக்கிறேன்” என்றார் ஆயா.

எல்லோரும் சற்று நிம்மதியடைந்தார்கள் என்பதுதான் உண்மை. இளைய மருமகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். “போன வருஷம் திருமலைக்குப் போனப்பவும் அத்தை இதையேதான் சொன்னாங்க. அதுக்கு முந்தின வருஷமும் இதே பேச்சுதான்” என்றார். யாரும் பதில் பேசவில்லை.

வீட்டு முதியவர்கள் ‘நான் வரவில்லை’ என்று சொல்வதில் இருவகை உண்டு. உடல் இயலாமல் சொல்வது ஒன்று. தமக்கென ஒரு படுக்கை இல்லை என்று கண்டுகொண்டு, பிள்ளைகளைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கச் சொல்வது மற்றொன்று. இரண்டும் ஒரே சொற்களில் வருவதால் பிள்ளைகள் பெரும்பாலும் முதலாவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாகவும் இருக்கிறது.

இத்தனைக்கும் தங்குமிடம் என்பது லாங் பஜாருக்கு அந்நியமான பொருளன்று. சற்றுத் தூரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் சுற்றுத் தெருக்களின் லாட்ஜுகளில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தங்குகின்றன. கடைப் பலகைகளில் வங்க எழுத்தைக் காணலாம். கடுகெண்ணெய் கேட்டாலும் கிடைக்கும். அறையிலேயே சமைத்து, நோயாளிக்குக் கட்டிலைக் கொடுத்து, மற்றவர்கள் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அவர்களுக்குப் பருப்பு நிறுத்துக் கொடுக்கும் கடைக்குத்தான், தன் வீட்டு மூதாட்டிக்கு ஒரு கட்டில் தேடத் தெரியவில்லை.

முற்காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வடிவில் இல்லை. தங்குமிடம் என்றால் அறையன்று, கூடம். வேலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்கள் காஞ்சிபுரத்துக்கு அருகே பாலுசெட்டிசத்திரத்தையும், பிறகு சுங்குவார்சத்திரத்தையும் கடக்கிறார்கள். வழிநடையாகச் சென்றவர்கள் இளைப்பாறிய இடங்களே ஊர்ப் பெயர்களாக நிலைத்துவிட்டன. மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே இராணி மங்கம்மாளின் பெயரால் சத்திரம் உண்டு. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813ஆம் ஆண்டில் தொடங்கிய சத்திரம் இன்றும் நடைபெறுகிறது. விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் அங்கிருந்து நாள்தோறும் ‘சம்போ’ என்னும் முழக்கத்தோடு கோயிலுக்குச் செல்கின்றன.

சத்திரம் எவ்வாறு நடந்தது என்பதற்குத் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் அரிய சான்று. இராமேசுவரம் செல்லும் வழியில் தம் முன்னோர் கட்டிய சத்திரங்களின் தருமம் தடைபடக்கூடாது என்பது அவர் வேண்டுகோள். வருவோர் எக்குலத்தவராயினும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியும் மசாலைப் பொருள்களும் உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டோ என்று அழைத்த பிறகே அன்றைய தருமம் நிறைவுறும். நோயுற்றால் வைத்தியர் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து ஆசிரியரே வளர்ப்பார் என்றெல்லாம் அதில் விவரிக்கிறார். மறு ஆண்டிலேயே, 1802இல், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை அவர் எழுப்பினார். குலத்துக்கொரு பந்தி, குலத்துக்கொரு தாழ்வாரம் என்னும் குறை அந்நாளைய சத்திரங்கள் பலவற்றில் இருந்ததையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ‘ஓர் அறைக்கு இருவர்’ என்று குடும்பத்தை வெட்டிப் பிரிக்கும் வழக்கம் அங்கில்லை.

அந்த நாளைய வாடை ஆயாவுக்குத் தெரியும். திருமணமான புதிதில், காட்பாடியிலிருந்து மீட்டர் கேஜ் இரயிலில் பாக்காலா வழியே திருப்பதிக்குப் போய், திருமலையில் ஒரு மடத்துக் கூடத்தில் உறவினர் இருபது பேரும் வரிசையாகப் படுத்ததைச் சொல்லுவார். யார் குறட்டைவிட்டார், எந்தக் குழந்தை இரவில் அழுதது என்பதுவரை நினைவிருக்கிறது.

இன்றைய திருமலை வேறு. அறைகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே தேவஸ்தான இணையதளத்தில் பதிய வேண்டும். பதிவு திறந்த சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். நேரில் செல்பவர்கள் மத்திய வரவேற்பு அலுவலகத்தில் காத்திருந்து பெறலாம். பல அறைகள் கிடைத்தாலும் அவை ஒரே கட்டடத்தில் அமையும் என்று சொல்ல முடியாது. யாத்ரிகர் வளாகங்களில் கூடமும் பூட்டுப் பெட்டியும் இலவசம். இளையவர்களுக்கு அது பெரும் வசதி. எண்பது வயதில், இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறவர்களுக்குப் பொதுக் கழிவறை கடினம். திருவரங்கத்தில் கொள்ளிடக் கரையருகே 2014இல் திறக்கப்பட்ட யாத்ரி நிவாஸ் ஆயிரம் பேர் வரை தங்கத் தக்கது. அறைகள், பொதுக்கூடங்கள் ஆகியவற்றுடன் குடும்பமாகத் தங்கும் காட்டேஜ்களும் உள்ளன. பெரிய குடும்பங்கள் இத்தகைய இடங்களையே முதலில் கேட்பது நல்லது. திருவண்ணாமலையை மட்டும் பௌர்ணமியை ஒட்டித் தேர்ந்தெடுக்க வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் பத்துப் பேருக்குச் சேர்ந்தாற்போல் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை வேறாக இருக்கும்.

லாங் பஜார் குடும்பத்தில் பிள்ளைகளின் ஆசை மலைமேல் இருந்தது. இளைய மருமகள் தாளைத் திருப்பி வைத்தார். “அறை வேணாம். கூடம் இருக்கிற தனி வீடா பார்க்கலாம். அத்தைக்கு உயரமான கட்டில், பக்கத்திலேயே கழிவறை. மத்தவங்க பாயில படுத்துக்கிறோம்” என்றார்.

ஏலகிரியில் முழு வீட்டையும் வாடகைக்கு விடுவோர் உண்டு. ஆனால் கணக்கு இங்கே ஒரு திருப்பம் காட்டியது. விடுதியின் ஐந்து அறைகள், அறைக்கு 3,500 ரூபாய் வீதம், நாளுக்கு 17,500. அதே விடுதியில் கூடத்தோடு கூடிய தனி வீட்டுக்கு 18,000. வேறுபாடு 500 ரூபாய்தான் என்று எண்ணினார்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்குச் சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல், 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் 18. முழு வீட்டையும் ஒரே அலகாக விலை குறிப்பதால் 18 விழுக்காட்டில் விழுகிறது. ஐந்து அறைகளுக்கு வரியோடு 18,375, வீட்டுக்கு 21,240. நாளுக்கு 2,865 ரூபாய் அதிகம்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதினாலு பேருக்கு வகுத்தால் தலைக்கு இருநூத்தஞ்சு ரூபாய். அம்மாவை வீட்டில் விட்டுப் போக நாம மிச்சம் பிடிக்கிற தொகை இதுதானா?” என்றார்.

அதன் பிறகு பேச்சு விரைவாக முடிந்தது. அத்தனாவூர்ப் பக்கம் ஒருவர் தம் வீட்டையே நேரடியாக வாடகைக்கு விடுவதாக மண்டித் தெரு நண்பர் ஒருவர் சொன்னார். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு உரிமையாளர் வரிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவில்லாதவர் வரி என்று தனியே வாங்கவும் கூடாது. வாடகை 15,000. அது விடுதியைவிடக் குறைவு.

பேரன் இணையத்தில் கண்ட ஓர் எண்ணுக்கு உடனே முன்பணம் அனுப்பப் போனான். அது அந்த வீட்டுக்காரரின் எண்ணே அன்று. நல்ல வேளையாக மூத்தவர் தடுத்தார். புகைப்படத்தைக் காட்டி, பாதித் தொகையை உடனே அனுப்பினால்தான் அறை என்று அவசரப்படுத்துவோர் இப்போது பெருகியுள்ளனர். திருத்தலங்களின் தங்குமிடங்கள் பெயரில் போலி இணையதளங்களும் உலவுகின்றன. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்திற்குள் சொன்னால், தொகை கைமாறுமுன் தடுக்க வாய்ப்பு உண்டு. அங்கே முன்பு தங்கிய ஒருவரிடம் கேட்டபின், நண்பர் கொடுத்த எண்ணுக்கு, வாடகையில் கால் பங்கு மட்டும் அனுப்பப்பட்டது.

அனுப்புமுன் இளைய மருமகள் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்துச் சில கேள்விகள் கேட்டார். வண்டி வாசல்வரை வருமா? வாசலில் எத்தனை படி? கழிவறை உட்காரும் வகையா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? இரவில் மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு? சமையலுக்கு அடுப்பும் பெரிய பாத்திரமும் உண்டா? அறை எண்ணிக்கையை அவர் கேட்கவே இல்லை. படி மூன்று என்றும், கம்பி இல்லை என்றும் விடை வந்தது. கம்பிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வேனில் ஏறியது.

ஆம்பூர், வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில் மலைப்பாதை தொடங்குகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல்களின் பெயர். பேரப்பிள்ளைகள் பலகைகளை உரக்கப் படித்தார்கள். பாரி வந்ததும் ஆயா முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொல்லத் தொடங்கி, அடுத்த வளைவில் தலை சுற்றுகிறதென்று நிறுத்தி, அதற்கடுத்த வளைவில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இரவு கூடத்தில் கட்டில் ஒன்று, பாய்கள் பன்னிரண்டு. மாப்பிள்ளை மட்டும் கூச்சப்பட்டு உள்ளறைக்குப் போனார். கொசு அதிகம் என்று நள்ளிரவில் அவரும் பாயோடு வந்து சேர்ந்தார். இரண்டு மணிக்கு ஆயா எழுந்தபோது, கூப்பிடுமுன்பே ஒரு பேத்தி எழுந்து விளக்கைப் போட்டாள். வீட்டில் இருந்தால் தனியே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நேரம் அது. அந்த நடையில் இரண்டு முறை விழுந்ததை மறுநாள் காலை, அடுப்படியில், முதன்முறையாக ஆயா சொன்னார். மூத்த மருமகள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

அன்று மலைமேல் வேலவன் கோயிலுக்குப் போனார்கள். படிகளில் ஆயாவைப் பேரன்கள் இருவர் நாற்காலியோடு தூக்கினர். பிளாஸ்டிக் நாற்காலி அதற்கும் பயன்பட்டது.

ஊர் திரும்பிய பின் வீட்டில் செய்த முதல் வேலை, ஆயாவின் படுக்கையிலிருந்து கழிவறைவரை சுவரில் கம்பி பதித்தது. அடுத்த பயணம் திருவரங்கம் என்று முடிவாகியிருக்கிறது. முன்பதிவைப் பேரன் பார்த்துக்கொள்கிறான். “காட்டேஜ் ரெண்டும் பக்கத்துப் பக்கத்திலேயா, நடுவில் எத்தனை படி என்று முதலில் கேள்” என்று ஆயா அவனுக்கு இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.