கட்டுத்துவக்கும் ஐந்து வரிச் செய்தியும்

'உள்நாட்டுத் தயாரிப்புத் துவக்குடன் சந்தேக நபர் கைது.' இந்த ஆறு சொற்களை என் தொழில் வாழ்க்கையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. வண்ணாத்தவில்லு, கருவலகஸ்வெவ, எலுவன்குளம், முந்தல்... ஊரின் பெயர் மட்டும் மாறும். பொலிஸ் தரப்பின் அறிக்கை தொலைபேசியில் வரும், நான் எழுதுவேன், ஆசிரிய பீடத்தில் ஒருவர் அதை ஐந்து வரிக்குள் அடக்குவார், மறுநாள் ஏழாம் பக்கத்தின் கீழ் மூலையில், பழுதடைந்த பாலத்துக்கும் கால்பந்தாட்ட முடிவுக்கும் இடையில் அது கிடக்கும். அந்தத் துவக்கை யார் செய்தார், எதற்காகச் செய்தார், செய்தபோது அவருடைய கையிலும் கண்ணிலும் என்ன மிஞ்சியது என்பவற்றை நாங்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஆகவே இங்கு நான் சாடப்போகிறவர்களின் பட்டியலில் முதற்பெயர் என்னுடையது.

இதை எழுதத் தூண்டியது ஒரு வாதம். படித்தவர், வெளிநாட்டில் நீண்டகாலம் வாழ்ந்தவர், என் பழைய பல்கலைக்கழகத் தோழர். புத்தளத்து விவசாயிகளின் துன்பம் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னார்: "அமெரிக்காவில் சாதாரண மனிதர்கள் வீட்டு மேசையிலேயே றைபிள் பொருத்துகிறார்கள். முதலாவது துவக்கில் பிழை வரும். கழற்றுவார்கள், திருத்துவார்கள், மறுபடி பொருத்துவார்கள். நம்முடைய ஆட்களுக்கும் முறையாகச் சொல்லிக் கொடுத்தால் என்ன? பிழை துவக்கில் இல்லை, பொருத்துகிறவனின் அறியாமையில்தான் இருக்கிறது." கேட்பதற்கு விவசாயியின் பக்கம் நிற்பது போலத்தான் இருக்கிறது. உண்மையில் அவனைக் கைவிடுவதற்கு இதைவிட மரியாதையான வழி வேறில்லை.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். கலா ஓயா கடலோடு சேரும் பக்கத்தில், கரைத்தீவுக்கு உள்ளே, அவருக்கு இரண்டு ஏக்கர் கஜுத் தோட்டமும் கொஞ்சம் சேனை நிலமும் உண்டு. பெயர் வேண்டாம், நான் அவரை நானா என்று அழைப்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். வில்பத்துக் காடு அவருடைய வேலியிலிருந்து நடக்கும் தூரம். பன்றி சேனையைக் கிளறும். யானை வந்தால் கஜு மரத்தின் கிளையைச் சுள்ளியைப் போல் முறிக்கும். மூன்று போகம் தொடர்ந்து இழந்தபின் நானா தன் முதலாவது துவக்கைத் தானே செய்தார். யாரிடமோ பார்த்த ஞாபகம், பழைய இரும்புக் கடையில் கிடைத்த குழாய், தச்சரிடம் கேட்டு வாங்கிய கட்டை. முதல் முறை அது சுடவில்லை. வாசற்படியில் வைத்துக் கழற்றினார், பிழை எங்கே என்று தேடினார், கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். இரண்டாம் முறை சுட்டது. மனிதர் மகிழ்ந்து போனார். மூன்றாம் முறை சுட்டபோது குழாய் பின்பக்கமாகப் பிளந்தது. வலது கையில் இரண்டு விரல்கள், ஒரு கண்.

வைத்தியசாலைக்கு அவர் உடனே போகவில்லை என்பதுதான் இதில் என்னை இன்றுவரை உறுத்துவது. போனால் பொலிஸ் வரும் என்ற பயம். ஒரு பகலும் ஓர் இரவும் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டில் கிடந்தார். பிறகு போனார், பொலிஸும் வந்தது, நானும் ஐந்து வரி எழுதினேன். 'கைது' என்ற சொல் தலைப்பில் இருந்தது. 'கண்' என்ற சொல் செய்தியில் எங்கும் இருக்கவில்லை.

இப்போது என் தோழரின் வாதத்துக்கு வருவோம். நானா செய்த பிழை என்ன? பொருத்தியதில் பிழையா? இல்லை. இரண்டாம் முறை அது 'சரியாக'த்தான் வேலை செய்தது. தண்ணீர் போவதற்கென்று வார்த்த குழாய் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும். மருந்து வெடிக்கும்போது ஒரு கணத்துள் எழும் அழுத்தம் வேறு சாதி. இரும்பு முதல் சூட்டில் தாங்கிவிட்டால் எப்போதும் தாங்கும் என்று பொருளல்ல. ஒவ்வொரு சூட்டிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று நீண்டுகொண்டு போகலாம். கழற்றிப் பார்த்தால் தெரியாது. அரத்தால் ராவினால் தீராது. எத்தனை தடவை திருத்திப் பொருத்தினாலும் அந்தப் பிழை அங்கேயே இருக்கும், ஏனென்றால் பிழை பொருளிலேயே இருக்கிறது.

இதை ஐரோப்பியர் நூற்றாண்டுகளுக்கு முன்பே இரத்தம் கொடுத்துக் கற்றார்கள். இலண்டனின் துவக்குச் செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாமில் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் சோதனை இல்லம் ஒன்று எழுந்தது. அங்கே புதிய குழாய் ஒவ்வொன்றிலும் வழமையைவிட அதிக மருந்து நிறைத்து, ஆள் பிடிக்காமல், தூர நின்று சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தப்பிய குழாய்க்கு மட்டுமே முத்திரை. சிறந்த கொல்லர்களே தம் கையை நம்பவில்லை என்பதுதான் அந்த முத்திரையின் பொருள். அமெரிக்காவில் வீட்டு மேசையில் பொருத்துகிறவனும் குழாயைத் தானே வார்ப்பதில்லை. தொழிற்சாலையில் செய்து, அளந்து வந்த உறுப்புகளைத்தான் அவன் பூட்டுகிறான். கரைத்தீவில் சோதனை இல்லம் நானாவின் தோள். முத்திரை அவருடைய முகம்.

அமெரிக்காவின் கதையும் என் தோழர் சொன்னபடி இல்லை. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், விற்பனைக்கல்லாமல் தன் பாவனைக்காக ஒருவர் துவக்கொன்றைச் செய்ய மத்திய அரசு தடை விதிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இலக்கமில்லாத அந்தத் துவக்குகள் குற்றம் நடந்த இடங்களில் பெருகத் தொடங்கியதும், பாதி முடித்த உறுப்புப் பெட்டிகளுக்கும் தொடர் இலக்கமும் வாங்குபவர் பற்றிய பரிசோதனையும் வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் ஏற்றது. துவக்கைத் தன் உரிமையின் ஒரு பாகமாகவே கருதும் நாடு அது. அங்கேயே இப்படி. துவக்குச் சட்டத்தில் உலகிலேயே கடுமையான நாடுகளுள் ஒன்று யப்பான். 2022 யூலை 8ஆம் திகதி நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே விழுந்தது வீட்டில் செய்த துவக்கின் முன்னால்தான். முறையாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்பவர்கள், கற்றுக்கொள்பவன் அதை எதை நோக்கி நீட்டுவான் என்பதையும் முறையாகச் சொல்லிக் கொடுக்கமுடியுமா?

இன்னொரு சாரார் இருக்கிறார்கள்; பாரம்பரியம் பேசுபவர்கள். கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் உலகம் வியக்கத் துவக்குச் செய்தார்கள், அது நம் மண்ணின் கலை என்பார்கள். செய்தார்கள்தான். விசைப்பொறியை இடது பக்கத்தில் வைத்து, பிடியின் அடியை இரண்டாகப் பிளந்து, தந்தமும் வெள்ளியும் இழைத்து அவர்கள் செய்த துவக்குகள் இன்றும் நூதனசாலைகளில் இருக்கின்றன. 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்ட லெவ்கே திசாவையின் அலங்காரப் பீரங்கி 2023இல்தான் கொழும்புக்குத் திரும்பி வந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் கொல்லன் அரசனின் பட்டறையில், தலைமுறை தலைமுறையாகக் கற்று, அரசனின் இரும்பில் வேலை செய்தவன். அவனுடைய பெயரைச் சொல்லிப் பழைய இரும்புக் கடைக் குழாய்க்குப் பொன்னாடை போர்த்துவது அந்தக் கொல்லனுக்கும் அவமானம், நானாவுக்கும் அவமானம்.

கையில் பிடித்துச் சுடும் துவக்கைப் பற்றியே இதுவரை பேசினேன். அதைவிடக் கொடியது கட்டுத்துவக்கு. காட்டுவழியில் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எது கம்பியில் தட்டுகிறதோ அதைச் சுடும். பன்றிக்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. விறகுக்குப் போனவர், தேனுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர் என்று அதில் அகப்பட்டவர்கள் எல்லோரும் ஏழைகள். சன்னம் பெரும்பாலும் காலிலேயே பாயும், எலும்பு நொறுங்கும், காட்டிலிருந்து வீதிக்குத் தூக்கி வருவதற்குள் இரத்தம் ஓடிவிடும். வடமத்திய மாகாணத்து வைத்தியசாலைகளின் அறுவைச் சிகிச்சையாளர்கள் இதைப் பற்றி மருத்துவச் சஞ்சிகைகளில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கட்டியவன் பிடிபட்டால் சொல்லும் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "பன்டி போற வழியிலதானே வச்சது, மனுசன் போவான் எண்டு யார் கண்டது?" இதற்கு நான் இரங்கமாட்டேன். தன் கையை இழந்தவனுக்கு இரங்கலாம்; பிறருடைய காலைப் பணயம் வைத்தவனுக்கு வறுமை ஒரு சாட்டு மட்டுமே. உணவுக்குள் வெடிமருந்தை ஒளித்துவைக்கும் 'ஹக்க பட்டாஸ்' பற்றியும் இதையே சொல்வேன். பன்றிக்கென்று வைத்ததை யானைக்குட்டி கடிக்கிறது. தாடை சிதறிய குட்டி தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது.

சரி, அரசு என்ன செய்கிறது? நம்மிடம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரமில்லாமல் செய்வதும் திருத்துவதும் வைத்திருப்பதும் குற்றம். 1996இல் தண்டனைகள் கூட்டப்பட்டன. வனசீவராசிகளுக்கு 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தில் குறையில்லை. 2023இல் மட்டும் இந்நாட்டில் 470க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன, யானைகளால் 170க்கு மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். 2025 யூலையில் குருநாகல் மாவட்டத்தில், சூடுபட்ட தாடையோடு வாரக்கணக்கில் போராடி இறந்த 'பாதிய' என்ற யானைக்காக நாடே தொலைக்காட்சியின் முன் அழுதது. அழட்டும், நல்லது. ஆனால் அதே மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஐந்தே ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணும்படி விவசாயியிடம் ஒரு படிவத்தைக் கொடுத்ததைத் தவிர, பயிர்ச்சேதம் பற்றி அவனுடைய வேலிவரை வந்து கேட்டவர் யார்?

அனுமதிப்பத்திரம் பெறலாமே என்பார்கள். பெறலாம். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலகம், பொலிஸ் அறிக்கை, மாவட்டச் செயலகம், பிறகு துவக்கின் விலை, ஆண்டுதோறும் புதுப்பித்தல். இரண்டு ஏக்கர் கஜுக்காரன் இந்தப் படிகளில் எதில் தடுக்கி விழுவான் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்தக் கரைக்கு வந்தவர்களில் பலருக்கு நிலத்தின் உறுதியையே காட்ட முடியாது. துவக்கின் உறுதிக்கு எங்கே போவார்கள்? மறுபக்கம், தற்காப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்கவேண்டி வந்தது. தோட்டம் இல்லாதவர்களின் அலுமாரியில் முத்திரையிட்ட துவக்கு. தோட்டம் உள்ளவனின் கூரையில் தண்ணீர்க்குழாய்.

அதற்காக எல்லோருக்கும் துவக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. துவக்கு யானையைத் தடுக்காது. சூடுபட்ட யானை இன்னும் மூர்க்கமாகத் திரும்பி வரும் என்பதைக் கருவலகஸ்வெவவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தடுப்பது எது என்று தெரியாமலும் இல்லை. கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான சனாதிபதிக் குழு 2020 டிசம்பரில் ஒரு தேசிய செயற்றிட்டத்தைக் கையளித்தது. யானைகள் நடமாடும் நிலத்தில் சுமார் 70 வீதத்தில் மனிதரும் வாழ்கிறார்கள். ஆகவே காட்டின் எல்லையில் திணைக்களம் வேலி போட்டு யானையை உள்ளே அடைப்பது நடவாத காரியம். வேலியை ஊரைச் சுற்றியும், பயிர் நிற்கும் பருவத்தில் வயலைச் சுற்றியும் போட்டு, அதைக் காக்கும் பொறுப்பை ஊர்மக்களிடமே கொடுங்கள் என்பது அதன் சாரம். எளிய யோசனை. குருநாகல் பக்கத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. வண்ணாத்தவில்லுவில் நான் பார்த்தவையோ பெரும்பாலும் காட்டோரத்தில் மின்சாரம் இல்லாமல் தொங்கும் கம்பிகள்தான். ஒன்றில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள்.

நட்டஈட்டின் கதை இன்னும் மோசம். நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா என்று ஆறு பயிர்களுக்கு வகுத்த இலவசக் காப்புறுதியில் கஜு இல்லை. வில்பத்து ஓரத்து மணலில் வேறென்ன முளைக்கும் என்று அதை வகுத்தவர்கள் நினைத்தார்களோ தெரியவில்லை. கஜுவையும் சேர்க்கவேண்டும். சேதம் பார்க்க வருகிறவர் ஒரு மாதத்துக்குப் பிறகல்ல, ஒரு வாரத்துக்குள் வரவேண்டும். சட்டவிரோதத் துவக்குகளுக்கான பொதுமன்னிப்பை எப்போதாவது ஒருமுறை அறிவித்து விடாமல், விதைப்புக்கு முன் ஒவ்வொரு ஆண்டும் கொண்டுவந்து, குழாயை ஒப்படைப்பவனுடைய ஊருக்கே வேலிக்கம்பியில் முதலிடம் கொடுக்கவேண்டும். காயப்பட்டு வருகிறவனுக்கு முதலில் வைத்தியம், வாக்குமூலம் பிறகு என்பது வாசலிலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். குற்றவாளிகளுக்குப் பரிசு கொடுக்கச் சொல்கிறாயா என்று என் தோழர் கேட்பார். கட்டுத்துவக்குக் கட்டியவனுக்கு நான் எதையும் கேட்கவில்லை. அவனைச் சட்டம் முழுமையாகப் பிடிக்கட்டும். நான் கேட்பது தன் விரல்களைத் தவிர வேறு யாருக்கும் தீங்கு செய்யாதவனுக்காக.

சென்ற வருடம் நானாவைப் பார்க்கப் போனேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் யானை வந்துபோயிருந்தது. வேலியோரத்தில் நான்கு மரங்கள் சாய்ந்து கிடந்தன. உள்ளேயிருந்து ஒரு படிவத்தை எடுத்து வந்தார். "தம்பி, இத நெரப்பித் தாங்க, எனக்குப் பேனை புடிக்க ஏலாதுதானே" என்றார். திண்ணையில் உட்கார்ந்து நிரப்பினேன். பயிரின் பெயர் எழுதும் இடத்தில் கஜுவுக்குக் கட்டம் இருக்கவில்லை; 'ஏனையவை' என்ற கோட்டின்மேல் எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.