‘ஹோப்’ என்பதற்குத் தமிழ் என்ன?



ஆட்டையாம்பட்டி என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு நினைவில் வருவது கைமுறுக்கு. உள்ளூராருக்கோ தறிச் சத்தம். அந்தச் சத்தத்தின் நடுவேதான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சனிக்கிழமை மாலைதோறும் ஆங்கிலம் சொல்லித் தந்து வருகிறேன். ஆங்கிலத்தில் நான் புலவன் அல்லன். குருமடத்தில் மெய்யியலையும் இறையியலையும் அம்மொழி வழியாகக் கற்றதால் ஒட்டிக்கொண்டது ஓரளவு உண்டு, அவ்வளவே.

சென்ற டிசம்பர் மாதத்தின் கடைசி வகுப்பில், வரவிருக்கும் புத்தாண்டைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். உதவியாகக் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதிப் போட்டேன்: ஹோப், விஷ், எக்ஸ்பெக்ட், ரெசல்யூஷன். எதிரே பொருள்: நம்பிக்கை, விருப்பம், எதிர்பார்ப்பு, தீர்மானம். மளிகைக் கடைக்காரர் சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல, ஒரு சொல்லுக்கு ஒரு சொல். பிழை அங்கேதான் தொடங்கியது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்த வாக்கியம் இது: ‘ஐ ஹோப் மை ஃபாதர் வில் நாட் வீவ் திஸ் இயர்.’ இந்த ஆண்டு என் தந்தை தறி நெய்யமாட்டார் என்று நம்புகிறேன். இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை. குழித்தறியில் ஓயாமல் உழைக்கும் தந்தைக்கு ஓய்வு வேண்டும் என்று விரும்பும் மகளின் உள்ளத்தை வியந்து, ஓரத்தில் ‘மிக நன்று’ என்று சிவப்பு மையால் எழுதினேன். அதோடு நில்லாமல், வகுப்பு முழுவதும் கேட்க உரக்கப் படித்தும் காட்டினேன். அவள் தலை நிமிரவே இல்லை. கூச்சம் என்று எண்ணிக்கொண்டேன்.

வகுப்பு கலைந்தபின் உபதேசியார் அருகில் வந்தார். “சாமிக்கு விவரம் தெரியாது போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு இடுப்பில் அடிபட்டு இரண்டு மாதம் ஆகிறது. குழியில் இறங்கி உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்” என்றார்.

அந்தப் பெண் எழுதியது ஆசையை அன்று, அச்சத்தை. அவர் இனி நெய்யமாட்டார் என்றே நம்ப வேண்டியிருக்கிறது என்பதைத்தான், நான் கொடுத்த பொருளைப் பிடித்துக்கொண்டு, அவள் ஆங்கிலமாக்கியிருந்தாள். வீட்டின் துயரத்துக்கு நான் ‘மிக நன்று’ போட்டுவிட்டேன். அன்று இரவு உணவு இறங்கவில்லை.

தவறு பிள்ளையுடையது அன்று. நம் ‘நம்பு’ என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘நாளை மழை வரும் என்று நம்புகிறேன்’ என்றால், மழை வந்தால் நல்லது என்ற ஏக்கமும் அதில் இருக்கலாம். வரும் என்ற கணிப்பு மட்டுமாகவும் இருக்கலாம். ‘அவர் பொய் சொல்கிறார் என்று நம்புகிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அவர் பொய் சொல்ல வேண்டும் என்று நாம் விரும்பியதாக ஆகாது. ஆங்கிலத்தில் அங்கே ‘ஹோப்’ போட்டால் அப்படித்தான் ஆகிவிடும். விருப்பம் கலவாத ‘ஹோப்’ அம்மொழியில் இல்லை. விரும்பாத ஒன்று நேரும் என்று தோன்றினால், ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்குவதே அவர்கள் வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், பழந்தமிழில் ‘நம்பு’ என்பதும் விருப்பத்தையே குறித்தது. நம்பு, மேவு ஆகிய இரண்டு சொற்களுக்கும் நசை என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. நசை என்றால் விருப்பம். காலப்போக்கில் அந்த விருப்பம் தேய்ந்து, உறுதி மட்டும் பெரிதும் எஞ்சி நிற்கிறது.

நம் திருச்சபைத் தமிழும் இந்தச் சொல்லோடு மல்லாடியே வந்திருக்கிறது. பழைய ஞானோபதேசம் படித்த பெரியோர்களைக் கேட்டால், தேவ சம்பந்தமான புண்ணியங்கள் மூன்று என்று சொல்லி, விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று அடுக்குவார்கள். அதில் ‘நம்பிக்கை’ இரண்டாவது, அதாவது ‘ஹோப்.’ 1995இல் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வெளிவந்தபோது, ‘நம்பிக்கை’ முதல் இடத்துக்கு நகர்ந்து, விசுவாசத்தின் நாற்காலியில் அமர்ந்தது. காலியான இரண்டாம் இடத்துக்கு ‘எதிர்நோக்கு’ வந்தது. குருமட மாணவர்களாய் இருந்த எங்களுக்கு அப்போது நாக்குப் பழகவே இல்லை. ‘எதிர்நோக்கு’ என்ன, புகைவண்டிக்குக் காத்திருப்பதா என்று நாங்கள் கேலி பேசியதும் உண்டு. இன்று எனக்கு அது நல்ல சொல்லாகவே படுகிறது. 2025 யூபிலி ஆண்டின் கருப்பொருளையும் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்றே தமிழில் சொல்கிறோம். ஆயினும் பாட்டிமார் செபத்தில் ‘நம்பிக்கை’ இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஒரே வீட்டில் பாட்டிக்கு ஒரு பொருள், பேத்திக்கு ஒரு பொருள்!

அடுத்த சனிக்கிழமை, முதல் வேலையாகக் கரும்பலகையில் பழைய சொற்களை மீண்டும் எழுதி, பொருள் தந்ததில் தவறியவன் நானே என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாய் எடுத்தோம்.

‘எக்ஸ்பெக்ட்’ என்பதற்குக் காரணம் வேண்டும். நன்றாகப் படித்தவன் தேர்ச்சியை எக்ஸ்பெக்ட் செய்யலாம். படிக்காதவன் தோல்வியையும் எக்ஸ்பெக்ட் செய்யலாம். அங்கே விருப்பத்துக்கு இடமில்லை; கணக்கு மட்டுமே. ‘விஷ்’ இருவகைப்படும். பிறரை வாழ்த்தும்போது வருவது ஒன்று. தன்னைப் பற்றி வரும்போதோ, பெரும்பாலும் கைக்கு எட்டாததையே சொல்லும். ‘ஐ விஷ் ஐ ஹேட் எ சைக்கிள்’ என்றால் சைக்கிள் இல்லை என்று பொருள். இன்றைய குறையைச் சொல்ல ஏன் இறந்தகால வினை என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. “சைக்கிள் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நீயும்தானே சொல்கிறாய்? ‘இருந்தால்’ என்பதற்குள் ‘இருந்த’ ஒளிந்திருப்பதைப் பார்” என்றேன். தன் வாய்க்குள்ளேயே ஆங்கில இலக்கணம் இருப்பது கண்டு அவனுக்குப் பெரிய மகிழ்ச்சி.

‘ரெசல்யூஷன்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னோர் வேண்டிய ‘பிரதிக்கினை’தான் அது. அதன் இலத்தீன் வேருக்கு அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள் என்றதும், “நூலில் சிக்கு எடுப்பதா?” என்று ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை கேட்டான். அகராதியைவிட மேலாய்ச் சொல்லிவிட்டான். பொங்கலுக்குள் பெரும்பாலோர் தீர்மானங்கள் மறந்துபோகும் என்பது வேறு செய்தி. என் தீர்மானமும் அப்படியே.

‘ஹோப்’ இறுதியில் வந்தது. “ஆசை இருக்க வேண்டும். நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நடக்கும் என்பதற்குக் கையில் காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை” என்றேன்.

அதுவரை பேசாதிருந்த அந்தப் பெண் எழுந்தாள். “சாமி, எங்கள் தறியை விற்கமாட்டார்கள் என்று எழுத வேண்டும். எக்ஸ்பெக்ட் போடுவதா, ஹோப் போடுவதா?”

“உனக்கு எப்படித் தோன்றுகிறது, கண்ணு?”

“விலை பேச ஆள் வந்து போய்விட்டார், சாமி.”

“அப்படியானால் எக்ஸ்பெக்ட் வராது.”

அவள் உட்கார்ந்து ‘ஹோப்’ என்று எழுதினாள். இம்முறை நான் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. உரக்கப் படிக்கவும் இல்லை.

சென்ற வாரம் வீடு மந்திரிக்கப் போனபோது அந்த வீட்டுக்கும் சென்றேன். தறி இன்னும் இருக்கிறது. குழியில் அமர்ந்திருந்தவர் அவளுடைய தாய். இத்தனை காலமும் கணவருக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர், இப்போது நாடா ஓட்டப் பழகுகிறார். கட்டிலில் சாய்ந்தபடி தார் சுற்றும் வேலையைக் கணவர் ஏற்றிருக்கிறார். இழை அறும்போதெல்லாம் அங்கிருந்தே கடிந்துகொள்கிறார். முதற்சேலையில் குறை இருந்ததென்று கூலியில் பிடித்துக்கொண்டார்களாம். இரண்டாவது சேலை முக்கால் முழம் வந்திருந்தது.