கண்ணாடி வயல்

மார்கழி மாதத்து விடியற்பொழுதொன்றில், மாங்குளம் சந்தித் தேநீர்க் கடையிலே எவர் தொந்தரவுமின்றி ஒரு கோப்பைத் தேநீர் அருந்தலாமென்று உட்கார்ந்திருந்த என்னிடம், எனது வயலுக்கு அடுத்த வயலைச் செய்கின்ற இளைஞர் ஒருவர் வந்து, "ஐயா, இந்தமுறை ரெண்டுதரம் மருந்தடிச்சிட்டன். ஒரு பூச்சி இல்லை, ஒரு சிலந்தி இல்லை, வயல் கண்ணாடி மாதிரிக் கிடக்குது. உங்கட வயல்தான் பாவம், ஒரே சிலந்திவலை" என்று மிகுந்த அனுதாபத்தோடு கூறினார். பாழடைந்த வீட்டைக் கண்டு இரங்குவதுபோல என் வயலைக் கண்டு அவர் இரங்கிய அந்த இரக்கத்தை நான் இன்னும் மன்னித்தேனில்லை.

பூச்சியற்ற வயலே சுகமான வயல் என்னும் இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருடையதாயிருந்தால் தேநீரோடு விழுங்கியிருப்பேன். வவுனிக்குளத்தின் கீழும் இரணைமடுவின் கீழும் வரம்புக்கு வரம்பு இதே வேதந்தான் ஓதப்படுகின்றது. பூச்சியென்றால் சத்துரு, சத்துருவென்றால் சங்காரம். இடையிலே விசாரணை கிடையாது. இந்த மகா சித்தாந்தத்துக்கு எதிராக நான் ஒரேயொரு சாட்சியை அழைக்கின்றேன். அவர் பெயர் அறக்கொட்டியான்.

கபிலநிறத் தத்தியென்று புத்தகங்கள் கூறும் அந்த ஜந்து, நெல்லின் அடித்தண்டிலே கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்சி, பச்சை வயலின் நடுவே வட்டவட்டமாய்த் தீய்ந்த திட்டுக்களை உண்டாக்குவது. அதன் பெண், முட்டைகளை இலைமடலின் உள்ளே, நஞ்சுத் துளி எட்டாத இடத்திலே செருகி வைக்கின்றது. மேலே மருந்து பொழியும்போது, தண்டுக்குத் தண்டு ஓடி அதனை வேட்டையாடும் சிலந்தியும், அதன் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும் சின்னஞ்சிறு பச்சை மூட்டுப்பூச்சியும் மாண்டுபோக, மடலுக்குள் பத்திரமாய்க் கிடந்த முட்டைகளோ ஒரு வாரஞ் சென்றபின் பொரித்து, எதிரியற்ற சாம்ராஜ்யத்திலே பட்டாபிஷேகம் பெற்ற சக்கரவர்த்திகளாய் வெளிவருகின்றன. ஒரு மாதத்துக்குள் மறுதலைமுறை காணும் அறக்கொட்டியானுக்கு, மாதக்கணக்கில் வளரும் சிலந்தி எங்ஙனம் ஈடுகொடுக்கும்? வயலைக் கண்ணாடியாக்குபவர் ஒவ்வொருவரும் அறக்கொட்டியானுக்கு ஆலாத்தி எடுக்கின்றார்.

அந்தச் சிலந்திதான் எங்கிருந்து வந்தது? நாற்று முளைத்த நாளிலே தத்தியும் இல்லை, புழுவும் இல்லை. அக்காலத்தில் அது பட்டினி கிடந்ததா? ஜாவாத் தீவின் வயல்களை ஆராய்ந்தவர்கள் 1996இல் வெளியிட்ட விடை, சேற்றை அருவருப்பவர்க்கெல்லாம் பெரும் அதிர்ச்சியாகும். தேங்கிய நீரிலே உக்கும் வைக்கோலையும், அதிலே விருத்தியாகும் நுண்ணுயிர்களையும் உண்டு, நுளம்பைப் போன்றனவும் கடிக்காதனவுமான சிற்றீக்கள் லட்சக்கணக்கில் உற்பத்தியாகின்றன. அவற்றை ஆகாரமாகக் கொண்டே சிலந்திப் படை முன்கூட்டிப் பெருகி, தத்தி வந்து இறங்கும்போது ஆயத்தமாய் நிற்கின்றது. நமது மேதாவிகளோ, அறுவடை முடிந்த கையோடு வைக்கோலுக்குத் தீ மூட்டி, விதைத்த கையோடு சிற்றீக்கும் மருந்தடித்து, படையையும் அதன் களஞ்சியத்தையும் ஒருசேர அழித்துவிட்டு, பிறகு கமநல சேவை நிலையத்து வாசலிலே நின்று அறக்கொட்டியான் வந்துவிட்டதே என்று பிரலாபிக்கின்றனர்.

இந்தோனேசியாவிலே பூச்சிநாசினி விலையின் பெரும்பங்கை அரசாங்கமே கொடுத்துக் குடிகளை அடிக்கச் சொன்ன காலத்தில், அடிக்க அடிக்க வந்தது இதே அறக்கொட்டியான்தான். 1986இல் ஜனாதிபதி சுகார்த்தோ 57 வகை நாசினிகளை நெல்வயலுக்கு ஆகாவென்று தடுத்தார்; நெல் விளைச்சல் விழவில்லை. இலங்கையிலும் 1995இல் கொடிய நஞ்சுகள் பலவும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. நெல் அதனாலே குறைந்துவிடவில்லை. (2021இல் அரசாங்கம் ஒரே இரவில் எல்லா இரசாயனப் பசளை, நாசினி இறக்குமதியையும் தடுத்துவிட்டு, சில மாதங்களிலேயே பின்வாங்கிய புத்திசாலித்தனத்தை என் பக்கத்து வாதமாக எவரும் கொள்ளவேண்டாம். அந்தப் பின்வாங்கலால் மருந்துக் கடைக்காரர் அடைந்த புளகாங்கிதம் இன்னும் தீரவில்லை.)

நஞ்சுக்கு மருந்தென்று பெயரிட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. கண்டால் நாலு வார்த்தை கேட்பேன். பயிருக்கு நோயென்றாராம், இவர் வைத்தியராம். மருந்து மாத்திரமல்ல, அளவுமீறிக் கொட்டும் யூரியாவினால் தண்டு கொழுகொழுவென்று வளர்வதும் அறக்கொட்டியானுக்கு விருந்துதான். அதையும் பசுமையென்று மெச்சுகின்றோம். வயலை விட்டுக் குளத்துக்குப் போனாலும் இதே மூளைதான்: தாமரையும் பாசியும் அகற்றிய வெறும் நீரே சுத்தமான குளமென்றும், மீன்குஞ்சை மூட்டையாய்க் கொட்டிவிட்டால் குளம் செழித்துவிட்டதென்றும் படமெடுத்துப் போடுகின்றார்கள். 1952இல் இந்நாட்டுக்கு வந்த திலாப்பியா இன்று குளமெங்கும் நிறைந்திருப்பதே அவர்களுக்குச் செழிப்பு. விரால் பார்ப்பையும் தவளைக் குஞ்சையும் மறைத்துக் காக்கும் அந்தப் பாசியை வாரிக் கரையிலே போட்டவர்களே, விராலுக்கு விலை ஏறிவிட்டதென்று சந்தையிலே சண்டையும் பிடிக்கின்றார்கள்.

நேற்று அந்த இளைஞர் மறுபடியும் வந்தார். அவருடைய வயலின் நடுவே, கூரைத் தகடொன்றின் அகலத்துக்கு மஞ்சள் திட்டொன்று விழுந்திருக்கின்றதாம். "மூண்டாந்தரம் அடிக்கப்போறன் ஐயா, இது வேற மருந்து" என்றார். காலபோகத்து வாடை அவருடைய வயலிலிருந்து என்னுடைய வயலுக்கே வீசுகின்றது.