அறுந்த இழையை மறைக்கலாமா?

‘ஊர் கூடித் தேர் இழுப்போம்’ என்று மேடையில் முழங்குவது எளிது. நாலு பேர் கூடி ஒரு வேலையை முடிப்பது எளிதன்று. பதினொன்றாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு இதை அனுபவத்தில் கற்றோம்.

அறிவியல் கண்காட்சிக்கு மழைநீர் சேகரிப்பு மாதிரி ஒன்றைச் செய்ய அறுவர் சேர்ந்தோம். கூரை, குழாய், தொட்டி எனப் பங்கிட்டுக்கொண்டு, அவரவர் வீட்டில் செய்தோம். கண்காட்சிக்கு முந்திய மாலையில்தான் அவற்றை ஒன்றுசேர்த்தோம். கூரையைவிடத் தொட்டி பெரிதாக இருந்தது; குழாயோ எதிலும் பொருந்தவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பங்கை முடித்திருந்தாள், வேலைதான் முடியவில்லை!

கணினித் துறையினரும் இத்தகைய துன்பம் பட்டவர்களே. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி, ‘அஜைல்’ என்னும் முறைக்கு ஓர் அறிக்கை வரைந்தனர். வேலையைச் சிறு துண்டுகளாக்கு. ஒவ்வொன்றையும் முடித்தவுடன் உரியவரிடம் காட்டு. குறை கண்டால் அப்போதே திருத்து என்பது அம்முறையின் சாரம். இது நமக்குப் புதிதன்று. பனியன் கம்பெனிகளில் சாம்பிள் தைத்து ஒப்புதல் பெற்ற பின்னரே ஆர்டரைத் தைக்கிறார்கள் என்பதைத் திருப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் அறிவர்.

இம்முறையை எட்டாம் வகுப்புத் தங்கைகளுக்குக் கற்பிக்க முன்வந்தோம். பள்ளித் தோட்டத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர்கள் பணி. கரும்பலகையில் ‘செய்ய வேண்டியவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’ என்று மூன்று கட்டங்கள் வரைந்தோம். நாள்தோறும் இடைவேளையில் பத்து நிமிடம் நின்றபடியே பேசினோம். மூன்றாம் நாள் ஒரு சிறுமி, “அக்கா, வேப்பமரத்துப் பலகையில புங்கமரம்னு எழுதிட்டேனுங்க” என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். மறுநாள் கேட்டபோது அனைவரும், “எல்லாம் சரியாப் போகுதுங்க அக்கா” என்றனர். வாரக் கடைசியில் பார்த்தால், எட்டுப் பலகைகளில் மூன்றில் பிழை! பிழை முறையில் இல்லை. எங்கள் சிரிப்பில் இருந்தது.

ஜப்பானியர் சாகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். பின்னர் அவர் குடும்பத்தார் தொடங்கிய டொயோட்டா கார்த் தொழிற்சாலையிலும், குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். தேவையானால் வேலை வரிசையே நிறுத்தப்படும். நம் பகுதி நிட்டிங் இயந்திரங்களும் நூல் அறுந்தால் விளக்கெரிந்து நிற்கின்றன. நின்றதற்காக இயந்திரத்தை யாரேனும் ஏசுவதுண்டா? நிற்காமல் ஓடினால் அல்லவா துணி வீணாகும்!

திங்கட்கிழமை, எங்கள் தொட்டிக் கதையை நாங்களே தங்கைகளிடம் சொன்னோம். சிரித்ததற்கு வருத்தமும் தெரிவித்தோம். இம்முறை அவர்கள் சிரித்தார்கள்; பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் சந்தேகத்தைச் சொன்னாள். வேப்பமரச் சிறுமியே எல்லாப் பலகைகளையும் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றாள்.

பிழையைப் பொறுத்துக்கொண்டால் ஒழுங்கு குலையும் என்பார் சிலர். பிழை மறைக்கப்படும் இடத்தில்தான் ஒழுங்கு குலைகிறது என்பது எங்கள் கருத்து. சிறந்த குழு எது? கெட்டிக்காரத் தலைவி உள்ள குழுவன்று. கடைசி வரிசைப் பெண்ணும் “எனக்குத் தெரியவில்லை” என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய குழுவே.

அன்புத் தோழியரே, அறுந்த இழையை அன்றே காட்டுவோம். பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, நாங்கள் காட்டும்போது முதலில் முடிச்சுப் போட உதவுங்கள். கண்டிப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.